பருவ இறுதிப் பூக்களும் மனைத்தோட்டப் பராமரிப்பும்

தென்காசி, குற்றாலம் பகுதிகளில் மழைப்பருவம் இரண்டு. ஆனி, ஆடியில் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். இப்பின்மழைக்காலத்தில் மனைத்தோட்டத்தைக் கவனியாது விடுவோர் வருங்கோடையின் மல்லிகையை இழப்பர்.

மல்லிகை: கார்த்திகையில் பூ அருகிவிடும். எஞ்சிய சில அரும்புகளுக்கு ஆசைப்பட்டுக் கவாத்தைத் தள்ளிப்போடுதல் தவறாகும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் விட்டு மேற்பகுதியை வெட்டுதல் வேண்டும். காய்ந்த கிளைகளையும் நோயுற்றவற்றையும் அடியோடு நீக்கித் தொழுவுரம் இடுக. மல்லிகை புதுத்தளிரிலேயே மிகுதியாய்ப் பூக்குமாதலால், கவாத்துச் செய்யாத புதரில் இலை மிகுந்து பூக் குறையும்.

செவ்வந்தி: இஃது இரவு நீளும் காலத்தில் அரும்புவது. பகலிரவின் நீளம் செடிகளின் பூப்பை ஆளுகிறதென்பதை 1920-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்னர், அல்லார்டு என்போர் வெளியிட்டனர். ஆகவே இரவு முழுதும் விளக்கெரியும் இடத்தருகே செவ்வந்தியை நடலாகாது. நட்டால் அரும்புதல் தாமதிக்கும்.

கேந்தி: வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளிவிடின் செடி விதைக்குச் சத்தைச் செலவிடாது மேலும் பூக்கும். விதைக்கெனத் திடமான செடிகளில் சில பூக்களை மட்டும் முற்றவிடுக. கேந்தியின் வேர் மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழுக்களை ஒடுக்கவல்லது. அப்புழுவால் எளிதிற் பீடிக்கப்படும் கனகாம்பரத்தைக் கேந்தி நின்ற பாத்தியில் அடுத்து நடுதல் நலம்.

வடிகால்: அடைமழையில் செடியடியில் நீர் தேங்கின் வேர் அழுகும். பாத்தியை உயர்த்திச் சுற்றிலும் வாய்க்கால் எடுத்தல் அவசியம்.

வெட்டிய மல்லிகை சில வாரம் மொட்டையாய் நிற்பது கண்டு வருந்த வேண்டுவதில்லை. பங்குனியில் அதன் பயன் விளங்கும்.