எண்ணெய் கலந்த குடிநீர்: நாற்றம் போன பின்னும் தொடர வேண்டிய கணக்கு



நான் இரயில்வேயில் பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். படிப்பு பொறியியல் டிப்ளோமா, மருத்துவன் அல்லன். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பழுதை ஆண்டுக்கணக்கில் எப்படிப் பின்தொடர்வது என்பது எங்கள் தொழிலோடு சேர்ந்த பாடம். அந்தப் பாடத்தைக் குடிநீருக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வசிக்கும் குடுபல்லி, சித்தூர் மாவட்டத்தின் கோடியில், ஜோலார்பேட்டை - பங்காருப்பேட்டை இருப்புப் பாதையில் குப்பத்தை அடுத்த நிலையம். இப்பக்கத்தில் காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு வண்டியில் திரும்புவோர் ஏராளம். அவர்கள் ஒரே நாளில் இரண்டு ஊர்த் தண்ணீர் குடிக்கிறார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களோ, ஒரே ஆயுளில் நான்கைந்து ஊர்த் தண்ணீர் குடித்திருக்கிறோம். ஆகவே இந்தப் பாடம் மற்றவர்களைவிட நமக்கே அதிகம் தேவை.

கேள்வி இதுதான். ஓர் ஊரின் கிணறுகளில் டீசலோ பெட்ரோலோ கலந்துவிட்டது. லாரியில் மாற்று நீர் வந்தது. சில மாதங்களில் நாற்றமும் போயிற்று. காரியம் முடிந்ததா?

எண்ணெய் நீரில் என்ன செய்கிறது?

டீசல் நீரைவிட இலேசானது. ஆகவே பெரும்பகுதி மேலே படலமாக மிதக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் எரிபொருள் என்பது ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அவற்றுள் பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவை ஓரளவு நீரில் கரைந்துவிடும். படலத்தை வழித்து எடுத்தாலும் கரைந்தது நீரிலேயே இருக்கும்.

இவற்றுள் பென்சீன் மிகக் கொடியது. அது எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் வரம்பு 5 மைக்ரோகிராம்தான். நீரில் பென்சீனின் வாசனை மூக்குக்கு எட்டுவதற்கோ, இந்த வரம்பைப் போல் நூறு மடங்குக்கும் மேல் அது கலந்திருக்க வேண்டும். மூக்கை நம்பி, "நாற்றம் இல்லை, நல்ல தண்ணீர்தான்" என்று தீர்மானிக்க முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

மண்ணின் தன்மையும் முக்கியம். எங்கள் பக்கத்துக் கருங்கல் பூமியில் நீர் பாறை வெடிப்புகள் வழியே ஓடும். ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் எண்ணெய் வரலாம். பக்கத்து வீட்டில் வராமல் போகலாம். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் பூமியில் துளைகளும் பொந்துகளும் அதிகம். சிந்தியது விரைவாகப் பரவும்.

சுன்னாகத்தில் நடந்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக்கல்லில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். அந்த நன்னீரே கிணற்று நீர். அதை நம்பித்தான் தோட்டமும் குடியும்.

அங்கே சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் மின் நிலையம் இருந்தது. அதைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் தென்படத் தொடங்கியது. 2013, 2014-ஆம் ஆண்டுகளில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த 150 கிணறுகளில் 109-ல் எண்ணெயும் கொழுப்பும் அனுமதி அளவுக்கு மேல் இருந்தன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவோ இதனுடன் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது என்று மக்கள் தவித்தார்கள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் மன்றம் மின் உற்பத்தியை நிறுத்தக் கட்டளையிட்டது.

தென்னிலங்கைச் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்ரல் 4-இல் தீர்ப்பு வந்தது. மின் நிலையத்தை நடத்திய நார்தன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும். இழப்பைக் காட்டும் மக்களுள் 500 பேருக்கு மிகாமல், தலைக்கு 40,000 ரூபாய்க்கு மிகாமல் பகிர வேண்டும் என்று மன்றம் கட்டளையிட்டது.

தமிழ் ஊர் ஒன்றின் கிணற்று நீருக்காகத் தெற்கிலிருந்து ஒருவர் நீதிமன்றம் சென்றதும், மாசுபடுத்தியவரே பணம் தர வேண்டும் என்று நாட்டின் உயர்ந்த மன்றம் சொன்னதும் பெருமைக்குரியவை. எனினும் 40,000 ரூபாய் கிணற்றின் கணக்கு. அந்த நீரைக் குடித்த கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் பத்து, இருபது ஆண்டு கழித்து என்ன ஆயிற்று என்பது உடலின் கணக்கு. முதற்கணக்கு முடிந்ததால் இரண்டாவது முடிந்துவிடாது.

சென்னையிலும் 2013-இல் தண்டையார்பேட்டையில், பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவால் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நகரமோ கிராமமோ, ஆபத்து ஒன்றுதான்.

உடலின் கணக்கு ஏன் கடினம்?

தண்டவாளத்தின் உள்ளே மயிரிழைக் கீறல் இருக்கும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். மீயொலிக் கருவியை உருட்டிச் சென்று அதைக் கண்டுபிடிப்போம். உடனே அகற்ற வேண்டிய தண்டவாளத்தில் சிவப்புச் சாயத்தால் மூன்று பெருக்கல் குறி. கவனிப்பில் வைக்க வேண்டியதில் ஒரு குறி. எந்தக் கிலோமீட்டர், எந்த ஆண்டில் தயாரான தண்டவாளம், எப்போது சோதித்தது என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறும். அதிகாரி மாற்றலாகிப் போவார். கேங்மேன் ஓய்வு பெறுவார். பதிவேடு அங்கேயே இருக்கும். அடுத்து வருபவர் அதைப் பார்த்து அதே இடத்தை மீண்டும் சோதிப்பார்.

மனிதர்களிடம் இது எளிதன்று. காரணம் மூன்று.

முதலாவது, காலம். வாந்தி, தலைவலி, தோல் எரிச்சல் ஆகியவை உடனே தெரியும். புற்றுநோய் வர ஐந்து ஆண்டும் ஆகலாம், இருபது ஆண்டும் ஆகலாம்.

இரண்டாவது, நோயின் மேல் பெயர் எழுதியிருக்காது. இரத்தப் புற்று நல்ல தண்ணீர் குடித்தவருக்கும் வருகிறது. ஆகவே எண்ணெய் நீர் குடித்த ஆயிரம் பேரை, குடிக்காத ஆயிரம் பேரோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது, மனிதன் தண்டவாளத்தைப் போல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. சுன்னாகத்தில் குடித்தவர் இன்று டொராண்டோவில் இருக்கலாம். தண்டையார்பேட்டையில் குடித்தவர் பெங்களூரில் இருக்கலாம். அங்குள்ள மருத்துவருக்கு அந்தக் கிணற்றைப் பற்றி என்ன தெரியும்?

உலகம் தந்த மூன்று பாடங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லெஜூன் என்ற கடற்படை வீரர் முகாம் உள்ளது. 1953 முதல் 1985 வரை அங்கே குடிநீரில் நச்சுகள் கலந்திருந்தன. நிலத்தடி எரிபொருள் தொட்டிகளிலிருந்து கசிந்த பென்சீனோடு, இயந்திரங்களைக் கழுவும் கரைப்பான்களும், சலவைக் கடைக் கழிவும் சேர்ந்திருந்தன. பெரும்பாலான ஆண்டுகளுக்கு நீர்ச் சோதனைக் குறிப்பே இல்லை. எனவே அரசின் பொறியியலாளர்கள் எந்தக் கிணற்றுப் பம்பு எப்போது ஓடியது என்ற பழைய குறிப்புகளையும் நிலத்தடி நீரோட்டத்தையும் கொண்டு, மாதவாரியாக எவ்வளவு நச்சு இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். இப்படி உதவும் என்று பம்பு ஓட்டியவர் நினைத்திருக்கமாட்டார்!

வீரர்கள் நாடெங்கும் சிதறிவிட்டார்கள். ஆனால் பணிப்பதிவேடு இருந்தது. அதை வைத்து, மாசு இல்லாத கலிபோர்னியாவின் பெண்டில்டன் முகாம் வீரர்களோடு ஒப்பிட்டார்கள். லெஜூனில் இருந்தவர்களுக்குப் பார்கின்சன் நடுக்க நோய் 70 சதவீதம் அதிகம் என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. இதற்கு எரிபொருளைவிடக் கரைப்பானே காரணமாகக் கருதப்படுகிறது. நச்சுக் கிணறுகளை மூடி ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து இந்த விடை கிடைத்தது. பதிவேடு இல்லையேல் அதுவும் கிடைத்திராது.

இரண்டாவது ஹவாய் மாநிலத்தில் உள்ள ரெட் ஹில். 2021 நவம்பரில் அங்குள்ள கடற்படை எண்ணெய்க் கிடங்கிலிருந்து விமான எரிபொருள் கசிந்து, சுமார் 93,000 பேருக்கான குடிநீர் அமைப்பில் கலந்தது. இரண்டு மாதங்களுக்குள் அரசு சுகாதாரத் துறையினர் கேள்விப் பட்டியலோடு வந்தார்கள். விடையளித்த 2,289 பேரில் 87 சதவீதத்தினர் புதிதாக ஏதேனும் உபாதை வந்ததாகவோ பழையது மோசமானதாகவோ சொன்னார்கள். 2022 செப்டம்பரில் மீண்டும் கேட்டபோது, விடையளித்த 986 பேரில் 80 சதவீதத்தினர் கடந்த 30 நாளில் உபாதை இருந்தது என்றார்கள். நீர் தூய்மையாகிவிட்டது என்று அறிவித்து மாதங்கள் ஆன பின் வந்த பதில் இது. தாமாக முன்வந்து விடை தருவோரில் நோயுற்றோர் அதிகம் இருக்கக்கூடும் என்பதையும் நாம் மறக்கலாகாது. அதனால்தான் எல்லோரையும் சேர்க்கும் நீண்டகாலப் பதிவேடு தேவை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அப்படி ஒன்று பின்னர் தொடங்கியது.

மூன்றாவது நம் நாட்டுப் பாடம். 1984 போபால் விபத்து எண்ணெயால் வந்ததன்று. நச்சு வாயுவால் வந்தது. ஆனால் பின்தொடரும் முறையில் அது நமக்கு முன்னோடி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் சுமார் 80,000 பேரையும், ஒப்பிடுவதற்காகப் பாதிக்கப்படாத பகுதிகளில் சுமார் 16,000 பேரையும் பதிவு செய்து 1994 வரை பின்தொடர்ந்தது. நம் நாட்டில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் காலம் செல்லச் செல்ல ஊர் மாறிய பலர் அந்தப் பட்டியலிலிருந்து நழுவிப் போனார்கள். போனவர்களின் உடலில் என்ன நடந்தது என்பதும் அவர்களோடு போயிற்று.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

அரசு பதிவேடு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும்.

1. நீரில் எண்ணெய் வாசனையோ படலமோ தெரிந்தால், அன்றே குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. ஆவியாகும் நச்சு சமையலறைக் காற்றில் கலந்து மூச்சில் ஏறும். வீட்டு வடிகட்டியையும் நம்ப வேண்டாம்.

2. சுத்தமான கண்ணாடிப் புட்டியில், காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நீரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்ச்சியில் வையுங்கள். அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் விரைவில் கொடுத்து, எழுத்தில் முடிவு வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கனிம எண்ணெய் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பென்சீனைத் தனியே சோதிக்கக் கேளுங்கள்.

3. வீட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் வயது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அந்த நீர் குடித்தார், நாளுக்கு ஏறக்குறைய எவ்வளவு, அப்போது கர்ப்பமாக இருந்தாரா என்று எழுதுங்கள். நாற்றம் தெரிந்த தேதிக்கு முன்பே கலப்பு தொடங்கியிருக்கலாம் என்பதால் குடிவந்த தேதியையும் சேருங்கள்.

4. மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, இரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். சோதித்தால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பத்து ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை.

5. எண்ணெய் வராத வீடுகளையும் தெருக் கணக்கில் சேருங்கள். அவர்கள் இல்லாமல் ஒப்பீடு இல்லை.

6. ஊர் மாறும்போது நோட்டுப் புத்தகம் உங்களோடு வர வேண்டும்; புதிய முகவரி பழைய ஊரில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். புதிய ஊரின் மருத்துவரிடம், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நம் சங்கத்தில் உறுப்பினர்களின் முகவரிப் பட்டியல் இருக்கிறது. திருமண அழைப்புக்கும் பொங்கல் விழாவுக்கும் அது பயன்படுகிறது. ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பங்களை அவர்கள் சம்மதத்தோடு ஒன்று சேர்த்து, ஆண்டுக்கொரு முறை உடல்நலம் விசாரித்து எழுதி வைக்கவும் அதே பட்டியல் போதுமானது. சிதறி வாழ்பவர்களை ஆராய்ச்சியாளர்கள் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். சங்கத்துக்கு அது எளிது.

இளைஞர் வகுப்பில் கலந்து பேச

1. மூக்குக்கு நாற்றம் தெரியாத நீர் ஏன் பாதுகாப்பானது என்று கொள்ளக்கூடாது?

2. பாதிக்கப்படாதவர்களையும் பதிவேட்டில் சேர்ப்பது ஏன்?

3. உங்கள் பாட்டி, தாத்தா பிறந்தது முதல் எந்தெந்த ஊரில், எந்தெந்த நீரைக் குடித்தார்கள்? ஆண்டுவாரியாகக் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாம் வினாவுக்கான விடையை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.