இருதய வால்வில் கசிவும் இருபத்தொரு நாள் ஊசியும்



"பிள்ளைக்கு நெஞ்சில் ஓட்டையாம், ஐயரே" என்று கலங்கிய முகத்தோடு பெற்றோர் எங்கள் ஜெப அறைக்கு வருவதுண்டு. அவர்கள் கையிலுள்ள எக்கோ பரிசோதனைத் தாளை மருத்துவரிடம் காட்டிக் கேட்டால், பல வேளைகளில் அது ஓட்டை அல்ல, வால்வில் கசிவு என்று தெரிகிறது. ஓட்டை என்பது பிறக்கும்போதே உள்ள குறை. கசிவோ பிற்பாடு வருவது. நம் பகுதிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, வராமலே தடுத்திருக்கக்கூடியது. ஆகவே இம்முறை இதைக் குறித்துச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள் இவை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை திறந்து மூடுகின்றன. ஒன்று சரியாக மூடாவிட்டால், முன்னே போன இரத்தம் பின்னே திரும்பி வருகிறது. அதையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் இருதயம் நாளடைவில் பெருத்துத் தளர்ந்துபோகும். மேடு ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், இரவில் படுக்க முடியாது.

எல்லாக் கசிவும் ஆபத்தானதல்ல. நல்ல சுகத்தோடு இருக்கும் பலருக்கும் எக்கோவில் மிகச் சிறிய கசிவு தென்படும். அதைப் பார்த்து அழுது புலம்ப வேண்டாம். சிகிச்சை வேண்டிய அளவு வால்வுக் கோளாறு அமெரிக்காவில் 45 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 75 வயதைத் தாண்டியோரில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் என்று 2006-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. முதுமைத் தேய்மானம், மாரடைப்பு, இரத்தக் கொதிப்பு, வால்வின் இதழ் பிறவியிலேயே தளர்ந்திருத்தல், வால்வில் கிருமி தொற்றுதல் ஆகியவை அங்குள்ள காரணங்கள். இவை இங்கும் உண்டு. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் வால்வு கசிகிறதென்றால் நாம் முதலில் நினைக்க வேண்டியது ருமாட்டிக் காய்ச்சலை.

அது தொண்டையில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வரும். ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் வீடுகளில் இது எளிதில் பரவும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வலிக்கும்; பிறகு அது விட்டுக் கணுக்காலுக்கோ முழங்கைக்கோ போகும். "வளருகிற வலிதான்" என்று எண்ணெய் தேய்ப்பார்கள். அந்த வலியும் தானே போய்விடும். ஆனால் கிருமியை எதிர்க்க உண்டான உடம்பின் படையே, ஆள் தெரியாமல் வால்வையும் தாக்கியிருக்கும். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் வால்வில் தழும்பு கூடும். இதழ்கள் சுருங்கிக் கசியும், சிலருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு குறுகியும் போகும்.

இது எவ்வளவு பேருக்கு? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2001-2002-இல் கிராமப் பள்ளிகளில் சுமார் 2,30,000 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு 0.68 என்ற கணக்கு வந்தது. முந்தைய ஆண்டுகளைவிட மிகவும் குறைவு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஸ்டெதஸ்கோப்புக்குக் கேட்காத கசிவும் எக்கோவில் தெரிவதால், எல்லாப் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுத்த இடங்களில் எண்ணிக்கை பல மடங்கு கூடுகிறது. உலக அளவில் 2015-இல் மட்டும் இந்நோயால் 3,19,000 பேர் மரித்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தடுக்கும் மருந்து பழையது, மலிவானது. தொண்டைப்புண் வந்த ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் கொடுத்தாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்ட பிள்ளைக்கோ, 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வேண்டும். இருதயம் பாதிக்கப்படாவிட்டால் குறைந்தது ஐந்து ஆண்டு. வால்வு கெட்டுவிட்டால் நாற்பது வயது வரையும், சிலருக்கு அதற்கு மேலும். இந்த ஊசி நன்றாகவே வலிக்கும். நோயோ கண்ணுக்குத் தெரியாது. ஆகையால்தான் நிறுத்திவிடுகிறார்கள்.

விராலிமலைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி இரண்டு ஆண்டு தவறாமல் இலுப்பூருக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டாள். குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் சென்றது, ஊசி நின்றது. திரும்பி வந்தபோது அவளால் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை. பின்னர் திருச்சியில், அரசு காப்பீட்டில், செயற்கை வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வு இத்தகையோருக்குப் பெரும் நன்மை. அது நம் நாட்டிலேயே தயாராவதால் விலை குறைவு. என்றாலும் இரத்தம் உறையாதிருக்க அவள் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கருவுற்றால் அந்த மாத்திரையே குழந்தைக்குக் கேடு செய்யலாம். கலியாணப் பேச்சு வரும்போது ஊசி அட்டையை ஒளித்துவைக்கும் வீடுகளும் உண்டு. அவர்களை நாங்கள் கடிந்துகொள்வதில்லை.

நல்ல சமாரியன் உவமையில், காயம் கட்டியதைப் பற்றியே பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். அவன் மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கென்று கேட்டால் நன்கொடை வந்துவிடுகிறது. இருபத்தொன்றாம் நாள் ஊசிக்கென்று யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. சத்திரக்காரனுடைய அந்த வேலைதான் எங்கள் கிராமக் குழுவுக்கு வாய்த்திருக்கிறது.

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் ஊசிப் பதிவேட்டை வீடுவீடாகச் சரிபார்ப்போம். பெட்ரோலுக்கும், அட்டைகளுக்கும், வெளியூர் போன குடும்பங்களுக்குத் தபால் அனுப்பவும் உங்கள் காணிக்கை பயன்படும். அன்னவாசல் பக்கம் செல்ல இன்னொரு நர்ஸ் தேவை; அதற்காகவும், பதிவேட்டில் வராதவர்களாகக் குறிக்கப்பட்டுள்ள பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.