அறை வாடகையும் பிரதேச சபையும்

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தையில் நம்ம பிள்ளைகள் நாலு நாள் தங்கும் லொட்ஜ்கள் கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் வருகின்றன. மலையகத்தில், எல்ல போன்ற இடங்களில், உல்லாசப் பயணிகளுக்கு அறை விடும் வீடுகள் பெருகிவிட்டன. இவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் பிரதேச சபை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதிவு வேண்டும்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குச் செலவழிக்க முடியாதென்று சபைகள் கைவிரித்து வந்தன. வாக்கு மட்டும் வேண்டியிருந்தது! 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, விடுதிக் குப்பை நம்ம ஓடையில் விழுந்தால் சும்மா இருக்காதீங்க. வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். திகதியிட்ட பிரதி ஒன்றைக் கையில் வையுங்கள்.

லயக் காம்பராவையே வாடகைக்கு விட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். காணி உறுதி நம்ம பேரில் இல்லையே.