பழைய பஜாரில் பொருள் வாங்கப் போகிறீர்களா?

1. முதல் கடையிலேயே பணத்தை எடுக்காதீர்கள். இஸ்தான்புல், கெய்ரோ, மராக்கெஷ் எங்கே போனாலும் பழைய பஜாரில் ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே தெருவில்தான் இருப்பார்கள். செம்புப் பாத்திரத்துக்கு ஒரு தெரு, செருப்புக்கு ஒரு தெரு. கடைசிவரை விலை மட்டும் கேட்டுக்கொண்டே நடந்துவிட்டு, திரும்பி வரும்போது வாங்குங்கள். நீங்கள் ஒரு விலை சொல்லி, கடைக்காரர் சரி என்றுவிட்டால் பிறகு நழுவக்கூடாது. அது அங்கே பெரிய மரியாதைக் குறைவு.

2. விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சுமார் 4,000 கடைகள் உள்ள இஸ்தான்புல் பெரிய பஜார் ஞாயிறு திறக்காது. நடக்கும் தூரத்தில் உள்ள மசாலா பஜார் திறந்திருக்கும். தெஹ்ரானில் வெள்ளி விடுமுறை. வளைகுடாவில் பல கடைகளை மதியம் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள்.

3. குங்குமப்பூ வாங்குவதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சாக்கு நிறையக் குவித்து மலிவாக விற்றால் அது குங்குமப்பூவே அல்ல, குசும்பப்பூ. கெய்ரோவிலும் இஸ்தான்புல்லிலும் இதைக் கூசாமல் விற்பார்கள். இரண்டு இழையை வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். நல்லதென்றால் மெதுவாகப் பொன்மஞ்சள் இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் நீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம். பொடியாக வாங்கவே வேண்டாம். உலகின் குங்குமப்பூவில் பெரும்பகுதி ஈரானில் விளைவது. அதில் ‘சர்கோல்’, ‘நெகின்’ என்றால் முழுச் சிவப்பு இழை. ‘புஷால்’ என்றால் மஞ்சள் நுனியும் சேர்ந்திருக்கும், அதற்கேற்ப விலை குறைய வேண்டும்.

4. துபாயின் தேரா பகுதியில் ஏலக்காயும் மிளகும் வாங்கி வருகிறவர்களை என்ன சொல்ல! போடிநாயக்கனூரில் கிடைக்காததா? தேராவில் வாங்கவேண்டியது காய்ந்த எலுமிச்சை (லூமி). குழம்பில் ஒன்றைக் கீறிப் போட்டால் போதும். விதையை எடுத்துவிடுங்கள், கசக்கும்.

5. அதே தேராவின் தங்கச் சந்தையில் கிராம் விலையில் பேரம் பேசிப் பயனில்லை, அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். செய்கூலியில் அடித்துப் பேசுங்கள்.

6. மஸ்கட் முத்ரா சந்தையில் குந்திரிக்கம் வாங்கலாம். ஓமானின் தோஃபார் பகுதிச் சரக்கு. இளம்பச்சை கலந்த வெண்மையில், ஒளி ஊடுருவும் கட்டிகள் உயர்ந்தவை. தினசரி தூபத்துக்குப் பழுப்புக் கட்டியே போதும்.

7. கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கப் பூவேலை பின்னாலும் தெளிவாகத் தெரிந்தால் கையால் முடிச்சிட்டது. குஞ்சம் தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். கடைக்காரர் தரும் தேநீரைத் தாராளமாகக் குடிக்கலாம், குடித்ததற்காக வாங்கவேண்டியதில்லை.

8. ஈரானில் விலை கேட்டால் “பணமா, வேண்டாமே” என்பார்கள். உபசாரம் அது. கொடுத்துவிட்டே கிளம்புங்கள்.

9. மொராக்கோ ஆர்கன் எண்ணெயில் சமையலுக்கானது வறுத்த வாசனையோடு சற்றுக் கருத்திருக்கும். முடிக்கும் முகத்துக்கும் உரியது வெளிறியிருக்கும். புட்டியைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் விமான நிலையத்தில் பறிபோகும்.