மரவள்ளித் தடியும் அதனோடு வரும் நோயும்



ஊருக்குத் திரும்பிக் குடியேறும் குடும்பம் முதலில் தேடுகிறவற்றில் ஒன்று மரவள்ளித் தடி. வேலி அடைக்க முன்னரே அதை நட்டுவிடலாம். அயலவரிடம் கேட்டால் ஒரு கட்டு சும்மாவே கிடைக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருந்துகொண்டு ஊர்க் காணியை இடைக்கிடை போய்ப் பார்க்கிறவர்களுக்கும், அதிகம் கவனிக்காமல் விளையக்கூடிய பயிர் இதுதான். அந்தத் தடியோடு சேர்ந்து வரக்கூடிய ஒரு நோயையும், அதன் கிருமியை விஞ்ஞானிகள் அடையாளம் கண்ட விதத்தையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரியும். இலை சிறுத்து, ஒரு பக்கம் கோணிப் போகும். இதைச் சித்திரவடிவ நோய் என்பார்கள். தேமல் என்றும் சொல்வதுண்டு. பசளை போதாது, மண் சரியில்லை என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆனால் இது ஒரு வைரஸ். மரம் சாகாமல் நிற்பதால் கவலை வராது. பல மாதம் காத்திருந்து கிழங்கு இழுக்கும்போதுதான் நட்டம் தெரியும். (அந்தக் கிழங்கைத் தின்பதால் இந்த வைரஸ் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டாம்.)

ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் நோய்பட்ட இலை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே கிருமியா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு வைரஸின் பரம்பரையலகு எழுத்துக்களை வாசிக்க வேண்டும்.

உயிர்கள் எல்லாவற்றிலும் உள்ள டி.என்.ஏ. என்ற பொருளில் நான்கே நான்கு எழுத்துக்கள்தான் மாறி மாறி வருகின்றன. அவற்றின் வரிசையை வாசிக்கும் முறையை பிரெட்ரிக் சாங்கர் என்ற ஆங்கிலேயர் 1977இல் வெளியிட்டார்; 1980இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மரவள்ளி வைரஸ் மிகச் சிறியது. அதனுள் இரண்டு டி.என்.ஏ. வளையங்கள், ஒவ்வொன்றிலும் 2,700 எழுத்துக்களுக்குச் சற்று மேல். 'ஏ' வளையம் பெருகுவதற்கு, 'பி' வளையம் செடிக்குள் ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் பரவுவதற்கு.

இலங்கையிலிருந்து எடுத்த ஒரு வைரஸை இப்படி வாசித்தார்கள். பதிவேடுகளில் அதன் பெயருடன் 'கொழும்பு, 1998' என்று இருக்கிறது. வடக்கு கிழக்கிலிருந்து வந்த குடும்பங்கள் கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் ஒரு அறைக்குள் சமைத்துப் படுத்த காலம் அது. இங்கிலாந்தின் ஜோன் இன்னெஸ் நிலையத்தைச் சேர்ந்த கீத் சாண்டர்ஸ், ஜோன் ஸ்ரான்லி ஆகியோருடன் நசீரா சலீமும் சேர்ந்த ஆய்வுக்குழு 2002இல் முடிவை வெளியிட்டது.

இந்திய மரவள்ளி வைரஸோடு ஒப்பிட்டபோது, 'ஏ' வளையத்தில் நூற்றுக்கு 84 எழுத்துக்கள் ஒத்திருந்தன. ஒரே இனம் என்று சொல்ல அது போதாது. ஆகவே இது வேறு வைரஸ் என்று கொண்டு, இலங்கை மரவள்ளிச் சித்திரவடிவ வைரஸ் என்று பெயரிட்டார்கள். ஆனால் 'பி' வளையத்தில் நூற்றுக்கு 94 ஒத்திருந்தது! மண்வெட்டியின் அலகு ஒரு வீட்டது, பிடி இன்னொரு வீட்டது என்பதுபோல. அந்த 'பி' வளையம் இந்திய வைரஸிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. 'ஏ' வளையத்தை மட்டும் புகையிலை இனச் செடியொன்றில் செலுத்தினார்கள். துணை இல்லாமலே அது இலையைச் சுருட்டியது. முன்பு தனியாக வாழ்ந்த வைரஸ் ஒன்று மற்றதன் வளையத்தைச் சேர்த்துக்கொண்டு மரவள்ளிக்கு வந்திருக்கலாம் என்பதே இதன் பொருள்.

பிறகு இதே வைரஸ் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருப்பது தெரியவந்தது. 2015இல் கம்போடியாவில் கண்டார்கள். அதன்பின் வியட்நாமிலும் தாய்லாந்திலும். பெயரில் இலங்கை இருப்பதால் இங்கேதான் பிறந்தது என்று ஆகிவிடாது. பதிந்த இடம் வேறு, பிறந்த இடம் வேறு. இதை இடம்பெயர்ந்தவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. வெண் ஈ இதைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுபோகும். தூர தேசங்களுக்குப் போனது தடியால்தான் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

சாங்கர் முறையில் ஏதோ ஒரு வைரஸைத் தேடிப் பிரித்தெடுத்து வாசிக்க வேண்டும். இப்போதைய முறையில் இலையில் உள்ள எல்லாத் துண்டுகளையும் ஒருங்கே வாசித்து, கணினி அவற்றைப் பொருத்துகிறது. செடி தன்னுள் நுழைந்த வைரஸை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளை வாசித்தே, பெருவின் லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையத்தார் 2009இல், நோய்க்குறி எதுவும் காட்டாத வற்றாளைச் செடிகளிலிருந்துகூடப் புதிய வைரஸ்களைக் கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஆபிரிக்காவில் கையடக்கக் கருவியொன்றைத் தோட்டத்துக்கே கொண்டுபோய், சில மணித்தியாலங்களில் மரவள்ளி வைரஸை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

கருவி நம் காணிக்கு வரும்வரை கண்ணும் ஓரளவு உதவும். தடி முளைத்து வரும் முதல் இலைகளிலேயே மஞ்சள் திட்டு இருந்தால், நோய் தடியோடு வந்தது. கீழ் இலைகள் சுத்தமாக இருந்து, பிற்பாடு மேல் இலைகளில் மட்டும் திட்டு வந்தால், வெண் ஈ கொண்டுவந்தது. முதல் வகைச் செடியைச் சிறிதிலேயே பிடுங்கிவிடுங்கள்; மருந்து தெளித்து இந்த வைரஸை மாற்ற முடியாது. இரண்டாம் வகையில் கிழங்கு ஓரளவு கிடைக்கலாம், ஆனால் அதிலிருந்து தடி வெட்டவோ அயலவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். தடி வாங்கும்போது, இலை விழுந்து வெட்டி அடுக்கிய கட்டை வாங்காமல், இலையோடு நிற்கும் மரத்தைப் பார்த்து வெட்டுவியுங்கள். வெட்டிய பிறகு எல்லாத் தடியும் ஒன்றுபோலத்தான்.

சந்தேகமானால் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். ஈ பறந்து போகாதபடி இலையைச் சொப்பின் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டிக்கொண்டு போங்கள். தடியைக் கொண்டுபோக வேண்டாம்.