தழையும் பாக்டீரியாவும்: தாராபுரத்துச் சமையலறைக்கு ஓர் ஒப்பீட்டு வழிகாட்டி

தாராபுரம் உழவர் சந்தைக்குக் கட்டுக்கட்டாக வந்து இறங்கும் கொத்தமல்லித் தழை, கறிவேப்பிலை, புதினா ஆகியவற்றுக்கும், வாசல் தொட்டியில் வளரும் கற்பூரவல்லிக்கும் பாக்டீரியாவை அடக்கும் ஆற்றல் உண்டு என்பதை ஆய்வுக்கூடங்கள் பலமுறை காட்டியுள்ளன. ஆயினும் எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அம்முடிவுகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது. அங்கே சோதிக்கப்படுவது பெரும்பாலும் தழை அன்று, தழையிலிருந்து வடித்த நறுமண எண்ணெயோ ஆல்கஹாலில் ஊறவைத்து இறக்கிய சாறோ ஆகும். அகர் என்னும் கடற்பாசிக் கூழில் பாக்டீரியாவை வளர்த்து, சாறு தோய்ந்த சிறு தாள்வில்லையை அதன்மேல் வைத்து, வில்லையைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு வளர்ச்சி நின்றுபோகிறது என்று அளப்பர். அந்த வெற்று வட்டத்துக்குத் தடுப்பு வளையம் என்று பெயர். எண்ணெயில் கரைந்து நீரில் எளிதில் பரவாத பொருள், கொல்லும் திறன் மிகுந்திருந்தாலும் சிறிய வளையத்தையே காட்டும் என்பதால், வளையத்தின் அகலத்தைக் கொண்டு தழைகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களை ஐயத்தோடு படிப்பதே நலம். சமைப்பவர் கேட்க வேண்டியது, அந்தப் பொருள் அடுப்பைக் கடந்து தட்டுவரை வருகிறதா, வந்தாலும் போதிய அளவில் வருகிறதா என்பதே.

கொத்தமல்லியில் இக்கேள்வி கூர்மையாக எழுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த இசாவோ குபோவும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, தழையின் பச்சை மணத்துக்குக் காரணமான ஆவியாகும் பொருள்களுள் ஒன்றாகிய டோடெசினால், உணவு நஞ்சாதலுக்குப் பேர்போன சால்மோனெல்லாவை ஜென்டமைசின் மருந்தைவிட வலிமையாகக் கொல்கிறது என்று காட்டியது. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் முழுப் பயன் கிடைக்க வேண்டுமானால் உண்ணும் உணவின் எடைக்கு ஏறத்தாழச் சமமான தழையைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று குபோவே சொன்னது அந்த அளவுக்குப் பரவவில்லை. சாம்பாரை இறக்கிய பின் தூவும் ஒரு பிடித் தழை மணத்துக்கு மட்டுமே ஆகும். கொங்குப் பகுதியின் பச்சைப்புளி ரசத்தில் தழை அடுப்பைக் காண்பதில்லை என்பதால் அதன் ஆவிப்பொருள் ஓரளவு மிஞ்சும். அங்கும் பாக்டீரியாவைப் பெரிதும் தடுப்பது புளியின் அமிலமே.

அதைவிட முக்கியமான செய்தி, கொத்தமல்லித் தழையே கிருமிகளைச் சுமந்து வரக்கூடும் என்பது. தரையோடு ஒட்டி வளர்ந்து, வேரும் மண்ணுமாகப் பிடுங்கப்பட்டு, வாடாதிருக்க நீர் தெளிக்கப்பட்டுச் சந்தைக்கு வரும் பயிர் அது. மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்துக் கொத்தமல்லி சைக்ளோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியைப் பரப்பியதாக ஐயுற்று, ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதன் இறக்குமதியைத் தடுக்கும் ஆணையை அமெரிக்கா 2015இல் பிறப்பித்தது. பச்சையாக அரைக்கும் சட்னிக்கு எடுக்கும் கட்டை வேரறுத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, அரைத்ததை அன்றே தீர்ப்பது அவசியம்.

கொத்தமல்லி விதையின் வேதியியல் வேறு. அதன் எண்ணெயில் லினலூல் என்னும் ஆல்கஹால் மிகுதி. போர்ச்சுகலின் பெய்ரா இன்டீரியர் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வெண்ணெய் பாக்டீரியாவின் மேற்சவ்வைச் சிதைத்துச் சோதித்த இனங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது. பேசிலஸ் செரியஸ் எளிதில் அடங்காத சிலவற்றுள் ஒன்றாக நின்றது. சோறு உண்ணும் வீடுகளுக்கு இந்த விதிவிலக்கு முக்கியம், ஏனெனில் கொதியிலும் சாகாத அதன் வித்துகள், வடித்த சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும்.

அந்த இடத்தில் கற்பூரவல்லி முன்னே வருகிறது. ஓமவல்லி என்றும் வழங்கும் இத்தழையின் எண்ணெயில், விளையும் இடத்தைப் பொறுத்துக் கார்வக்ராலோ தைமோலோ மேலோங்கும். கார்வக்ரால் பேசிலஸ் செரியஸின் சவ்வைத் துளைத்துப் பொட்டாசியத்தைக் கசியவிடுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்து, வடித்த சோற்றிலேயே சோதித்தும் பார்த்துள்ளனர். நான்கனுள் வலிமையானது எது என்று மட்டும் கேட்டால் விடை கற்பூரவல்லியே. ஆனால் அது சோதிக்கப்பட்ட தூய பொருளைப் பற்றிய விடை. தழையைக் கிள்ளிப் போட்டுச் சோற்றை வெளியில் வைக்கலாம் என்பதற்கு அது உரிமம் ஆகாது. சளிக்கு அதன் கஷாயம் தொண்டைக்கு இதம் தரலாம், எனினும் சாதாரணச் சளி வைரஸால் வருவதாகையால் பாக்டீரியாவை அடக்கும் ஆற்றலுக்கு அங்கே வேலை இல்லை.

புதினாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரியாணிக்கும் சட்னிக்கும் சுவை கருதி எடுப்பதே சரி.

கறிவேப்பிலையோ பாக்டீரியாவை அடக்க ஆவியாகிப் போகும் எண்ணெயை மட்டும் நம்பியதன்று. டி.பி. சக்ரவர்த்தி குழுவினர் 1965இல் அம்மரத்தின் தண்டுப் பட்டையிலிருந்து முர்ரயானின் என்ற பொருளைப் பிரித்தனர். தாவரத்தில் கண்டறியப்பட்ட முதல் கார்பசோல் ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் அடங்கிய வளைய அமைப்புடைய காரப்பொருள், அதுவே. இலையிலும் மகானிம்பின் முதலிய இவ்வினப் பொருள்கள் உள்ளன. இவை எளிதில் ஆவியாகாமல் கொழுப்பில் கரைபவை என்பதால், அரிசிம்பருப்புச் சாதத்துக்கு எண்ணெயில் தாளிக்கும் முறை அவற்றை வாங்கிக்கொள்ள ஏற்றதே. தாளிப்பில் பொரிந்த இலையை ஒதுக்கிவைப்பவர் அவற்றில் ஒரு பகுதியையும் ஒதுக்கிவிடுகிறார். நீண்டநேரம் அடுப்பில் நிற்கும் சமையலுக்குக் கொத்தமல்லியைவிட இதுவே தகும். பூச்சிக்கொல்லி எச்சத்துக்காக இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைக்கு உட்படுத்தியதுண்டு என்பதால், வணிகத் தோட்டத்து இலையைவிடக் கொல்லையில் மருந்தடிக்காமல் வளர்ந்த மரத்து இலை மேலானது. சந்தையில் வாங்கியதாயின் ஈர்க்கோடு நீரில் முக்கி நன்கு அலசிய பின்பே உருவ வேண்டும்.