மோட்டார் வண்டியில் மின்கல அடுக்கின் இடம்

மைசூரு நகரத்தின் யாதவகிரிப் பகுதியில் இயங்கிவந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ஆம் ஆண்டு முதல் 1996-ஆம் ஆண்டு வரை மோட்டார் சைக்கிள்களை உற்பத்தி செய்தது. ஜாவா என்றும், 1973-க்குப் பின் யெஸ்டி என்றும் பெயர் பூண்ட அவ்வண்டிகளுள் பல இன்றும் அந்நகரத் தெருக்களில் ஓடுவதைக் காணலாம். பழைய ஜாவா வண்டியில் பாட்டரி என வழங்கும் மின்கல அடுக்கு 6 வோல்ட் உடையது. இருக்கைக்குக் கீழே, பக்கப் பெட்டி ஒன்றினுள் அது அடங்கியிருக்கும். பெட்டியின் மூடியைத் திறந்தால் அமில மட்டம் கண்ணுக்குத் தெரியும். நீர் ஊற்றுவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

விளையாட்டுக் கார் என்று சொல்லப்படும் சிறிய, தாழ்ந்த, வேகம் மிக்க கார்களில் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. என்னும் கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதில் நெடுங்காலம் இரண்டு 6 வோல்ட் மின்கல அடுக்குகள் தொடராக இணைக்கப்பட்டு, ஆசனங்களுக்குப் பின்னால், தளத்திற்குக் கீழே, பின் அச்சுக்குச் சற்று முன்னதாக, சுழல்தண்டின் இரு பக்கங்களிலும் தொங்கவிடப்பட்டிருந்தன. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் அங்குள்ள சாமான்களை இறக்கி, விரிப்பை விலக்கி, மூடு தகட்டைக் கழற்றி, ஆசன முதுகின் மேல் குனிந்து தலையை உள்ளே நுழைக்க வேண்டும். 1974-75-இல்தான் இரண்டுக்குப் பதிலாக ஒரே 12 வோல்ட் அடுக்கு வைக்கப்பட்டது. அமெரிக்காவின் கார்வெட் காரிலும் 1968-இல் வந்த வகை முதல் மின்கல அடுக்கு ஆசனத்தின் பின்புறத்திற்குச் சென்றது.

பொறியாளர்கள் அறியாமையால் இவ்வாறு செய்யவில்லை. 12 வோல்ட் அடுக்கு ஒன்றின் எடை ஏறக்குறைய 13 கிலோகிராம். அதனைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் வைத்தால் திருப்பங்களில் வண்டி நிலைபெறும். முன் சக்கரங்களின் மேல் விழும் சுமையும் குறையும். 1959-இல் வெளிவந்த மினி கார் விளையாட்டுக் கார் அன்று எனினும், சோதனை வண்டிகளில் முன்பாரம் மிகுந்திருந்தமையால் அதன் மின்கல அடுக்கு பின்புறத்திற்கு மாற்றப்பட்டது. அமைப்பவருக்கு இது நியாயமே. பராமரிப்பவருக்குத்தான் துன்பம்.

கைக்கு எட்டாத பொருள் கவனிக்கப்படுவதில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே 1859-இல் கண்ட காரீய-அமில மின்கலம், இன்றும் தத்துவத்தில் மாறவில்லை. மின்னூட்டம் முடிந்த பின்னும் மின்னோட்டம் உட்செல்லுமாயின், அது நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேற்றுகிறது. ஆகவே திறந்த வகைக் கலங்களில் நீர் மட்டம் மெல்ல மெல்ல இறங்கும். தகடுகளின் மேல்விளிம்பு காற்றில் பட்டால் அப்பகுதியில் காரீய சல்பேட்டு இறுகிப் படிந்துவிடும். பின்னர் எவ்வளவு மின்னூட்டினாலும் அது முழுவதும் கரையாது. மாதம் ஒருமுறை சிறிதளவு காய்ச்சி வடித்த நீர் விட்டிருந்தால் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய அடுக்கு, விரைவிலேயே பழுதாவதற்கு இதுவே முக்கிய காரணம். இந்நிலையில், வண்டியின் சொந்தக்காரர் மின்கல அடுக்கை எளிதில் எட்டும் இடத்திற்கு, பெரும்பாலும் டிக்கி என வழங்கும் பின்புறச் சாமான் அறைக்கு, மாற்ற முற்படுவது இயல்பே. பழைய கார்களைப் பேணுவோரிடையே இது வழக்கமாகச் செய்யப்படும் மாற்றமாகும். ஆயின் ஒரு பெட்டியை இங்கிருந்து எடுத்து அங்கு வைப்பதோடு வேலை முடிவதில்லை.

முதலாவது, மின்கம்பியின் கணக்கு. ஜாவா மோட்டார் சைக்கிளைக் காலால் உதைத்தே இயக்குவர். ஆதலின் அதன் மின்கல அடுக்கு விளக்குகளுக்கும் தீப்பொறிக்கும் வேண்டிய சில ஆம்பியர்களை மட்டும் தந்தால் போதும். காரிலோ ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுழற்ற வேண்டும். அதற்குச் சில வினாடிகள் 200 ஆம்பியர் வரை தேவைப்படலாம். தாமிரக் கம்பியின் மின்தடை, 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் 1 மீட்டர் நீளமும் உள்ள துண்டுக்கு ஏறக்குறைய 0.0172 ஓம் ஆகும். குறுக்குப் பரப்பு 25 சதுர மில்லிமீட்டர் உள்ள கேபிளில் 200 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 0.14 வோல்ட் வீதம் இழப்பு ஏற்படும். கேபிள் 60 சென்டிமீட்டர் நீளமிருந்தால் இழப்பு 0.08 வோல்ட், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. டிக்கியிலிருந்து 4 மீட்டர் வருமானால் 0.55 வோல்ட். இதுவும் பொறுக்கத்தக்கதே. ஆனால் கையில் கிடைத்த 10 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்துக் கட்டினால் இழப்பு 1.38 வோல்ட் ஆகிவிடும். ஏறக்குறைய 275 வாட் ஆற்றல் கம்பியைச் சூடாக்குவதிலேயே செலவாகும். 50 சதுர மில்லிமீட்டர் கேபிள் இழப்பை 0.28 வோல்ட்டாகக் குறைக்கும். அதன் தாமிரம் மட்டும் 1.8 கிலோகிராம் எடையுள்ளது என்பதை, எடையைக் குறைப்பதற்காக இடம் மாற்றுவோர் மறந்துவிடுகின்றனர்.

கேபிளைவிடத் தொல்லை தருவது எர்த் இணைப்பு. மின்னோட்டம் திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடலே. இணைப்பு போல்ட்டின் அடியில் வர்ணமோ துருவோ இருந்து, அது 0.005 ஓம் தடை தந்தாலும் 200 ஆம்பியரில் 1 வோல்ட் தொலைந்துபோகும். ஏழு மீட்டருக்கு மேற்பட்ட நல்ல கேபிள் தரும் இழப்புக்கு அது சமம். வர்ணத்தைச் சுரண்டி, உலோகம் பளிச்சிடும்படி தேய்த்து இறுக்கிய பின், மேலே கிரீஸ் தடவுவது நன்று.

இரண்டாவது, வாயு. இதில்தான் உயிருக்கே ஆபத்து உண்டு. மிகை மின்னூட்டத்தில் 1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் செல்லும்போது, ஒவ்வொரு கலத்திலும் மூன்றில் ஒரு கிராம் நீர் பிரிந்து, ஏறக்குறைய 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். 12 வோல்ட் அடுக்கில் ஆறு கலங்கள் இருப்பதால் மொத்தம் 2.5 லிட்டர். காற்றில் ஹைட்ரஜன் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. என்ஜின் அறையில் காற்றோட்டம் இருப்பதால் வாயு கலைந்துவிடும். 200 லிட்டர் கொள்ளும் டிக்கியோ நன்கு மூடப்பட்டிருக்கும். அதில் 8 லிட்டர் சேர்ந்தாலே அபாய எல்லை வந்துவிடுகிறது. மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி 5 ஆம்பியர் மிகையாகப் பாயுமானால், அந்த அளவு சேர 40 நிமிடங்கள்கூட ஆகா. அவ்வேளையில் டிக்கியைத் திறந்து, தளர்ந்த முனையைக் கையால் அசைத்தால் எழும் ஒரு பொறி போதும். அடுக்கு வெடித்துச் சிதறும் கந்தக அமிலம் கண்களையே முதலில் தாக்கும். பல கார்களில் பெட்ரோல் டாங்கியும் பக்கத்திலேயே இருக்கிறது.

எனவே டிக்கியில் வைக்கப்படும் அடுக்கு மூடிய பெட்டிக்குள் இருத்தல் வேண்டும்; பெட்டியிலிருந்தோ அடுக்கின் வாயுத் துளையிலிருந்தோ ஒரு குழாய் வண்டிக்கு வெளியே செல்ல வேண்டும். 1989-இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரில் தொழிற்சாலையே மின்கல அடுக்கை டிக்கியில் வைத்து, வாயு வெளியேறக் குழாயும் அமைத்தது. நீர் விடத் தேவையில்லாத மூடிய வகையை வாங்கியவர்கள் குழாய் எதற்கு என்று கேட்பதுண்டு. மிகை மின்னூட்டத்தில் அதன் அடைப்பிதழும் திறந்து வாயுவை வெளிவிடும் என்பதே விடை.

மூன்றாவது, குறுக்குச் சுற்று. ஸ்டார்ட்டர் கேபிளுக்குப் பெரும்பாலும் பியூஸ் இருப்பதில்லை. கேபிள் குறுகியதாய் இருந்தவரை இதனால் தீங்கு குறைவு. வண்டியின் நீளம் முழுவதும் தகடுகளின் துளைகள் வழியே அது செல்லும்போது, அதிர்வினால் மேலுறை தேய்ந்து ஓர் இடத்தில் இரும்பைத் தொட்டாலும் மின்னோட்டம் அளவிறந்து பாய்ந்து, உறை எரியத் தொடங்கும். ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் பொருத்துவதும், அடுக்கின் அருகிலேயே துண்டிப்புச் சுவிட்சு வைப்பதும் ஆடம்பரம் அல்ல. கழற்றும்போது எர்த் முனையை முதலிலும் பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். எம்.ஜி.பி. போன்ற கார்களில் 1967 வரை நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஆதலின் குறியைப் பாராமல், எந்த முனை உடலோடு சேர்ந்துள்ளது என்பதையே பார்க்க வேண்டும். அடுக்கை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டையும் முக்கியம்: மோதலின்போது 13 கிலோகிராம் அமிலப் பெட்டி தன்னிச்சையாகப் பறக்கலாகாது.

இவ்வளவையும் எண்ணும்போது, அடுக்கை இடம் மாற்றாமலே வசதியைக் கொண்டுவர முடியாதா என்ற கேள்வி எழுகிறது. பெங்களூரில் 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா மின்சாரக் கார் இதற்கு ஒரு வழி காட்டியது. அது விளையாட்டுக் கார் அன்று. ஒருமுறை மின்னூட்டினால் 80 கிலோமீட்டர் அளவே ஓடக்கூடிய அது, மைசூரு வரை ஒரே மூச்சில் வந்து சேரவும் இயலாது. ஆனால் முன் ஆசனங்களின் கீழே எட்டு 6 வோல்ட் அடுக்குகளை, அதாவது 24 கலங்களை, அது சுமந்தது. ஒவ்வொரு கலத்தின் மூடியையும் திறந்து நீர் விடுவது யாராலும் தொடர்ந்து செய்யக்கூடிய வேலையன்று. அதற்காக எல்லாக் கலங்களையும் மெல்லிய குழாய்களால் இணைத்து, ஒரே வாயின் வழியாக நீர் செலுத்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. இத்தகைய ஏற்பாட்டில் கலத்திற்குள் மிதவை ஒன்று இருக்கும். மட்டம் நிறைந்ததும் அது உயர்ந்து வழியை அடைத்துவிடும். மின்னூட்டுவதற்கும் இதே முறை பொருந்தும்: அடுக்கு மறைவிடத்திலேயே இருக்க, அதன் இரு முனைகளிலிருந்தும் பியூஸுடன் கூடிய மெல்லிய கம்பிகளை எட்டும் இடத்திற்குக் கொணர்ந்து, மின்னூட்டும் கருவியை அங்கு இணைக்கலாம். சில ஆம்பியர்களே செல்வதால் தடித்த கேபிள் வேண்டியதில்லை. பெரும்பாலான சொந்தக்காரர்களுக்கு, டிக்கி மாற்றத்தைவிட இதுவே மலிவானது, தீங்கற்றதும் ஆகும்.

மாற்றம் செய்த வண்டியைச் சோதிக்கும் களப் பணியாளர், வோல்ட்மீட்டரின் ஒரு முனையை மின்கல அடுக்கின் எர்த் அல்லாத முனையிலும் மற்றொன்றை ஸ்டார்ட்டரின் முனையிலும் வைத்து, என்ஜினைச் சுழற்றச் சொல்ல வேண்டும். அப்போது காணும் அளவே கேபிளின் இழப்பு. பின்னர் எர்த் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே இவ்வாறே அளக்க வேண்டும். இரண்டில் எது அரை வோல்ட்டைப் பெரிதும் தாண்டுகிறதோ, பழுது அந்தப் பக்கத்தில் உள்ளது.

வகுப்பறையில் இதே பாடத்தைக் காரின்றியே நடத்தலாம். 6 வோல்ட் அடுக்கு ஒன்றையும் 30 வாட் விளக்கு ஒன்றையும் 5 மீட்டர் தூரத்தில் வைத்து, 1 சதுர மில்லிமீட்டர் கம்பியால் இணைக்க. போக வரக் கம்பியின் நீளம் 10 மீட்டர், மின்னோட்டம் 5 ஆம்பியர், இழப்பு 0.86 வோல்ட், அதாவது ஏழில் ஒரு பங்கு. விளக்கு மங்கி எரிவதை மாணவர்கள் கண்ணாலேயே காண்பர். அதே கம்பியில் 12 வோல்ட் அடுக்கையும் 30 வாட் கொண்ட 12 வோல்ட் விளக்கையும் இணைத்தால் மின்னோட்டம் பாதியாகி, இழப்பு 0.43 வோல்ட், அதாவது இருபத்தெட்டில் ஒரு பங்கு ஆகிறது. மோட்டார் வண்டிகள் 6 வோல்ட்டைக் கைவிட்டு 12 வோல்ட்டுக்கு ஏன் மாறின என்ற கேள்வியை அப்போது மாணவரிடமே விட்டுவிடலாம்.